வெந்நீருக்கு ஆறு கூட்டம்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தேன். கூட்டாளிகள் மூன்று பேர். நால்வரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே பாதுகாப்புப் பிரிவில், எந்தக் கோப்பு வந்தாலும் ‘இப்போது வேண்டாம்’ என்று எழுதியே சம்பளம் வாங்கியவர்கள். அப்படிப்பட்ட நாலு மகான்கள் திருப்போரூரில் கொட்டகை பிடித்து, வெயிலில் வெந்நீர் காய்ச்சும் சோலார் ஹீட்டர் விற்கப் புறப்பட்டோம். தலையெழுத்து!

முதல் ஹீட்டர் நன்றாகவே வந்தது. மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் போன் செய்தார்: சீசனுக்குள் மொட்டைமாடியில் பத்து வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டுத்தானே வேலையை விட்டிருந்தேன்.

உடனே கூட்டம் போட்டோம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்றார் ஒருவர். உப்புத்தண்ணீரில் குழாய் அடைக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் சேர்ந்து நடந்தால்? என்றார் மூன்றாமவர். மேலும் சோதிக்கலாம் என்று நான் எழுதினேன், நால்வரும் கையெழுத்துப் போட்டோம். மறுத்துப் பேச ஓர் ஆள் இல்லை. அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களுக்குத் தொட்டி வெல்டிங் செய்து தந்த பக்கத்துப் பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார், நாலு பேரும் ஒரே ஆளாட்டம் பேசிகினு கீறீங்க? மாட்டுங்க சார். ஒழுவுனா நான் போய் அடைக்கிறேன். என்னியும் கூட்டு சேத்துக்கோங்க.”

அதற்கும் கூட்டம் போட்டோம். ‘பட்டம் இல்லை, ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதிய பேனா என்னுடையதுதான்.

ஆறாவது கூட்டத்தில் ஒருவழியாக ஒப்புதல் தந்து, கோப்பும் கையுமாக லாட்ஜுக்குப் போனேன். முதலாளி மாடிக்கு அழைத்துப்போனார். பத்து ஹீட்டர்கள் வரிசையாக நின்றன. எங்களுக்குக் காத்திராமல் தானே செய்து மாட்டியிருந்த பட்டறைக்காரர் ஒரு குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். சோதிக்கிற சாக்கில் குழாயைத் திறந்தேன். கை சுட்டது. வயிறு அதைவிட எரிந்தது.

“துருப்பிடிக்குமே?” என்றேன்.

“புடிக்கும் சார். வருசா வருசம் வந்து பெயிண்ட் அடிக்கிறேன்னு சொல்லிக்கீறேன்.” பிறகு, ஒழுகிய தொட்டிக்கடியில் வைத்திருந்த வாளியைக் காட்டினார். “என்கூட கீறவனுங்களும் என்னியாட்டமே முந்திரிக்கொட்டைங்க. வேணாம்னு சொல்ல ஒரு ஆளு வோணும். நீங்க வர்றீங்களா?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றது என் பாழாய்ப்போன வாய்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி போனை எடுத்துப் பட்டறைக்கு அடித்தாள். “நாளைக்குக் காலையில வந்துடுவாருங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

“கூட்டம் முடிஞ்சுது, சாப்பிட வாங்க” என்றாள் என்னிடம்.