இன்னும் ஒரு கோட்டிங்

தை பிறந்து கடல் அடங்கியிருக்கிறது. அனுமந்தைக் கரையில் மற்ற படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பிவிட்டன. பாய் கட்டி ஓட்டும் ஒரு சின்ன பைபர் படகு மட்டும் மணல் மேலேயே நிற்கிறது. அதற்கு ஏழுமலை பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தில் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மறுபடி நீலம்.

“எப்ப எறக்கப் போறீங்க?” என்று கேட்கிறேன்.

“இன்னும் ஒரு கோட்டிங் பாக்கி இருக்குதுங்க. அடிச்சிட்டு எறக்கிடலாம்.”

பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கிழிசலைத் தைக்கும் அவர் மனைவி அஞ்சலை சிரிக்கிறாள்.

“சுனாமி அன்னிக்கி கரையாண்ட இந்தப் படகு கவுந்து, நீந்தி வந்தாரு. அதுலேர்ந்து ஒரு வருசமா இதே பேச்சுதாங்க. வெடிப்பெல்லாம் எப்பவோ ஒட்டியாச்சு. எறக்கறப்ப ஒடைக்கலாம்னு வாங்குன தேங்காய மூணு தடவ கொழம்புல போட்டுட்டேன்.”

ஏழுமலை பிரஷ்ஷை டப்பாவில் தோய்க்கிறார்.

அஞ்சலை நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். ஒயர் கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, நங்கூரத்தில் அடித்து உடைத்து, தண்ணீரைப் படகின் முகப்பில் ஊற்றுகிறாள். காயாத நீலத்தின் மேல் அது கோடு கோடாக இறங்குகிறது.

“பெயின்ட்டு போச்சேடி!”

“போவட்டும். மீனோட வந்து அடி.”

அவர் கொஞ்ச நேரம் கடலையே பார்க்கிறார். பிறகு டப்பாவை மூடி, குதிகாலால் மிதித்து இறுக்குகிறார். வலைக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் திரும்பி, “ஏம்பா, ஒரு கை புடிங்க” என்கிறார்.

கையிலிருந்த சீட்டை மணலில் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடி வருகிறார்கள்.