மேல் அம்புக்குறியும் தொண்ணூற்றாறு முகங்களும்

ஸ்டூடியோவுக்கு வருகிற யாரும் தன் முகத்தைக் கேட்டு வருவதில்லை. அதைவிடக் கொஞ்சம் நல்ல முகத்தைக் கேட்டுத்தான் வருவார்கள். இலங்கை மலைநாட்டுப் பசறையில் முதலாளி நஸீர் நானாவின் ஸ்டூடியோவில் அந்த நல்ல முகத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. தவறான பட்டனை அழுத்திவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்போ நீங்களும் நம்ம ஆள்தான்.

சும்மா வந்த சிஸ்டம்

டிஜிட்டல் கெமரா வாங்கிய வருசமே எங்கள் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிட்டது. யார் கொண்டுவந்த சீடியோ தெரியாது, வாரம் ஒரு தடவை படுத்துக்கொள்ளும். பதுளையில் அரசாங்க வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவா சேர் ஒருநாள் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். நாங்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஒரு சீடியோடு வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வைரஸ் வராதாம். காசும் இல்லையாம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம். நானாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

எனக்கு வேறு பயம். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இதிலோ கறுப்புத் திரையில் இங்கிலீசில் எழுதினால்தான் வேலை நடக்குமாம். சேரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பயப்பிடாதையும் பிள்ளை, உமக்குத் தெரிஞ்ச இங்கிலீசே போதும். இதுக்கும் அதுக்கு மேல தெரியாது."

ஒரு வரியில் ஒரு கல்யாணம்

முதல் பெரிய வேலை ஒரு கல்யாணம். மண்டபத்தில் மஞ்சள் பல்பு. எடுத்த இருநூற்றுச் சொச்சம் படத்திலும் பொண்ணு, மாப்பிள்ளை, ஐயர் எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி முகம். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால் ஒரு வாரம் போய்விடும். சேர் ஒரு வரி எழுதித் தந்தார். அதை எழுதினால் அந்த ஃபோல்டரில் உள்ள அத்தனை படத்தையும் கம்ப்யூட்டரே வரிசையாகத் திருத்தும். முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிரதியில்தான் கை வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

என் எட்டு மாத மகள் மடியில் இருந்தாள். வரியை எழுதி அழுத்திவிட்டு, திரும்பி உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்தேன். அவள் தூங்குவதற்குள் மஞ்சள் எல்லாம் போயிருந்தது. நானா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். "புள்ளக்கிப் பால் குடுக்கிற நேரத்தில ஒரு கல்யாணத்தயே முடிச்சிட்டியே!"

அந்த ஒரு அழுத்து

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை விண்ணப்பம் எடுக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமையே போய்த் தொண்ணூற்றாறு பேரைப் படம் எடுத்தேன். அதில் ராக்காயி அக்காவும் ஒருத்தி. வயது ஐம்பது தாண்டிவிட்டது, கையில் அட்டை இல்லை. மகள் கொழும்பில் குடும்பம் நடத்துகிறாள். பேரன் பிறந்த செய்தி கேட்டுப் பார்க்கப் புறப்பட்டவளை, அட்டை இல்லையென்று வழியில் ஆமி செக்பாயிண்டில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வெள்ளிக்கிழமை தவறினா அடுத்தது எப்பவோ" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு சடங்கு வீட்டுக்காக நானா கெமராவில் இருந்த படங்களை அழித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனார். கறுப்புத் திரையில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு எழுதிய வரி திரும்ப வரும். மறுபடி எழுதும் வேலை மிச்சம். நிறம் திருத்தும் வரிக்கு இரண்டு தடவை அழுத்தியிருக்க வேண்டும். மகள் வீல் என்று கத்தினாள். ஒரு தடவை அழுத்திவிட்டு, வாசிக்காமலே என்டரைத் தட்டினேன். வந்தது, கட்டார் நாட்டில் இருக்கும் ஒருவருக்கு ஈமெயிலில் அனுப்பப் படங்களைச் சின்னதாக்கிய வரி. தொண்ணூற்றாறு முகமும் ஆளுக்கொரு கடுகு அளவில் நின்றன. பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. பிரதியும் எடுக்கவில்லை. சேருக்குப் போன் பண்ணி அழுதேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு வைரஸ் வராது எண்டு சொன்னனான் பிள்ளை. நீர் வருவீர் எண்டு நினைக்கேல்லை."

கொழுந்து நிறுக்கிற இடம்

கெமரா பழுது என்று சொல்லிவிடச் சொன்னார் நானா. என்ன சொன்னாலும் படம் எடுத்துத்தானே ஆகவேண்டும், அதற்கு எதற்குப் பொய்? செவ்வாய்க்கிழமை காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை நாள். ஆட்களை மலையிலிருந்து இறக்கினால் அரைப்பேர் போய்விடும், அதாவது அரை நாள் சம்பளம். நான் விடவில்லை. "கொழுந்து நிறுக்க எப்படியும் வரிசையில நிப்பாங்கதானே? நிறுத்துட்டு என் பக்கமா ஒரு எட்டு வைக்கட்டும்" என்றேன். நிறுக்கிற கொட்டகையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்தி வந்தவர்கள், இப்போது நனைந்த தலையும் நெற்றியில் கூடைக் கயிற்றின் தடமுமாக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "நான்தான் கவனமில்லாம அழிச்சிட்டேன், மன்னிச்சிருங்க."

"அன்னைக்கிப் பூசுன பவுடருக்கு யாரு பதில் சொல்றது?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நின்றாள். அவள் படம் அப்படியே கோபமாகத்தான் விழுந்தது. ராக்காயி அக்கா முறை வந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு விரிப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். "படம் போனாப் போகுது புள்ள, மொகம் இங்கதான இருக்கு? எடு!"

தடம்

அன்றைக்கு முதல் வேலையாக இரண்டு சீடியில் பிரதி போட்டேன். பிறகு வரியைச் சத்தமாக மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் தட்டினேன். நெற்றியில் இருந்த கயிற்றுத் தடத்தை மட்டும் அழிக்கவில்லை. ஆளும் படமும் ஒன்றாக இருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை தொண்ணூற்றாறு படமும் விண்ணப்பத்தோடு போயின, ஒன்றும் திரும்பவில்லை. சில மாதம் கழித்து ராக்காயி அக்கா ஸ்டூடியோவுக்கு வந்து அட்டையை மேசையில் வைத்தாள். "செக்பாயிண்டுல படத்தப் பாத்தான், நெத்தியப் பாத்தான், போன்னுட்டான். பேரன் என் மடியில ஒண்ணுக்கே போயிட்டான் புள்ள!"

தொண்ணூற்றாறு படத்தை ஒரே வரியில் கெடுக்கலாம், ஒரே வரியில் திருத்தலாம். தொண்ணூற்றாறு பேரிடம் மன்னிப்பை மட்டும் ஒவ்வொருவராய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது.