அண்ணன் இருக்கும்போது

டீம் பனியன்களைத் துவைப்பது இம்மானுவேலின் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போவான். குத்துக்காலிட்டு உட்கார முழங்கால் இடம் கொடுக்காது. அதனால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கசக்குவான். நம்பர் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் கை மெதுவாகும்.

"மெஷின்ல போட்டா ஆவாதா?" என்று விக்டோரியா வாசற்படியிலிருந்து கேட்டாள்.

"நம்பர் உரிஞ்சிரும்."

"அவனவன் பனியன அவனவன் தோச்சிக்க சொல்றது."

"அவனுங்க கையில குடுத்தா மூணு நாளு ஊற வச்சி நாற வச்சிடுவானுங்க. உனுக்குத் தெரியாது."

"ஆமா, எனுக்கு இன்னா தெரியும்" என்றபடி அவள் உள்ளே போனாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். கோபமாகச் சொன்னதில்லை. சோற்றை வடிக்கும்போது ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி, பழக்கமாகச் சொல்வாள்.

இம்மானுவேலுக்கு முப்பத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியில் இருக்கிற காலனியில் பிறந்தவன். அப்பா மற்றவர்கள் நிலத்தில் வரப்புக்கு அண்டை வெட்டியவர். அந்த வேலையெல்லாம் குறைந்து போய், காலனியில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கத் தொடங்கியபோது இம்மானுவேல் அப்படி ஒரு கம்பெனியில் தினக்கூலிக்கு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். உயரம் ஆறடிக்கு மேலே. கம்பெனியில் பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் தணிகாசலம் சாருக்குக் கூடைப்பந்தில் பைத்தியம். தொழிற்பேட்டையில் இருக்கும் கம்பெனிகள் வருஷா வருஷம் நடத்தும் போட்டிக்கு டீம் கட்ட வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தவர், லாரிப் பக்கம் நடந்து வரும்போது இவனைப் பார்த்தார். உயரத்துக்காகத்தான் எடுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் துருப்பிடித்த ஒற்றை வளையத்தில் எட்டு வருஷம் பந்து போட்டவன் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு சார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம். காலனியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அதிலிருந்து அவனுக்கு ஏறுமுகம்தான். வேலை நிரந்தரமானது. சரக்கு அனுப்பும் பிரிவில் லீடர் ஆனான். எப்போதும் பகல் ஷிஃப்ட். காலனிப் பையன்களை ஒவ்வொருவராகச் சொல்லி உள்ளே சேர்த்தான். ரகு, பாக்கியராஜ், தானியேல், கடைசியாகச் சொந்தத் தம்பி ஜெரால்ட். வேலை கிடைத்ததும் ஒவ்வொருவனும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஸ்வீட் பாக்ஸுமாக வீட்டுக்கு வந்து, இம்மானுவேலின் அம்மா குப்பம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களே டீம்.

பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. லீடர் கையைத் தூக்கிக் காட்டாமல் மூட்டை அடுக்கிய ஒரு சரக்குப் பலகை நகராது. ஒரு தடவை கையைப் பார்க்காமல் வண்டியை எடுத்து ஒருவன் கால் நசுங்கியதிலிருந்து வந்த கட்டுப்பாடு. வருஷக்கணக்கில் அந்த நால்வரும் எதைத் தொடும் முன்பும் இம்மானுவேலின் கையைத்தான் பார்த்தார்கள். மைதானத்துக்கு வந்தால் மட்டும் கண் வேறு பக்கம் போகுமா? பந்து வந்தால் அண்ணனுக்குக் கொடு, அவ்வளவுதான் ஆட்டம். தவிரவும் வேலை வாங்கிக் கொடுத்த அண்ணன் நிற்கும்போது, நாம் எகிறிக் கூடையில் போடுவது என்பது பெரியவர்கள் சாப்பிட உட்காரும் முன் சோற்றில் கை வைக்கிற மாதிரி.

முதல் சுற்றில் இது பிரமாதமாக எடுபடும். தினம் ஒரு கம்பெனி வரும். ஷிஃப்ட் முடிந்த களைப்பில், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே வருவார்கள். இந்த நெட்டையன் யாரென்று புரிவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். கேன்டீன் சுவரில் இம்மானுவேல் போட்டோ ஏறும். அரையிறுதியில்தான் விஷயம் வேறு. அங்கே ஒரே டீமோடு மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிக்க வேண்டும். முதல் நாள் தோற்றவன் இரண்டாம் நாள் யோசித்துக்கொண்டு வருவான். மூன்றாம் நாள் இம்மானுவேலைச் சுற்றி வேலி அடைத்துவிடுவான். தொடர்ந்து நான்கு வருஷம் அப்படித்தான் போனது. ஒவ்வொரு வருஷமும் தணிகாசலம் சார் ஒரே யோசனையைத்தான் சொன்னார். "இம்மானுவேலுக்கு இன்னும் பந்து போகணும்ப்பா."

இந்த வருஷம் கப்புக்காக மட்டும் இல்லை. ஜெரால்ட் இருபத்தேழு வயதில் மூன்றாவது வருஷமாகப் பயிற்சித் தொழிலாளியின் மஞ்சள் தொப்பியோடு நிற்கிறான். மீஞ்சூரில் ஏஞ்சல் என்று ஒரு பெண். நர்ஸ் வேலை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றுதான், பையனுக்கு வேலை நிரந்தரமாகட்டும். தணிகாசலம் சார் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். "கப்போட வா. தம்பி பேர அன்னிக்கே மேல அனுப்பிடறேன்." கப்பு வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. திருவள்ளூரில் எலும்பு டாக்டர் இனிமேல் ஓடவே கூடாது என்றதை மட்டும் ஒரு நாள் மெல்லச் சொல்லிப் பார்த்தான். "இந்த ஒரு வருஷம்ப்பா" என்றார் சார்.

அரையிறுதியில் இந்தத் தடவை கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனி டீம். அவர்களில் ஒருவன் பேரும் யாருக்கும் தெரியாது. முதல் ஆட்டம் இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது திங்கட்கிழமை.

சனிக்கிழமையே இம்மானுவேல் நால்வரையும் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், தான் ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

"நான் இல்லன்னு நெனச்சிக்கினு ஆடுங்கடா. எவன் கையில பந்து இருக்குதோ அவன் போடணும்."

"சரிணா" என்றார்கள், பிரசங்கத்துக்கு ஆமென் சொல்வதைப் போல.

பாக்கியராஜ் பந்தை வீசினான். பந்து வளையத்துக்குப் போய்ச் சேரும் முன்பே திரும்பி, "கரெக்டாணா?" என்றான். ரகுவும் வீசினான், திரும்பினான். தானியேல் வீசுவதற்கு முன்னாலேயே திரும்பிப் பார்த்தான்.

"என் மூஞ்சியில இன்னாடா எழுதிக்கிது? அங்க பாருங்கடா, பேஜாரு புடிச்சவனுங்களா!"

"நீ இப்பிடி உக்காந்துக்கினு பாத்தா எப்பிடிணா போடறது?" என்றான் ரகு. "பரீட்சை எழுதற மாதிரி கீது. நீ போயி டீ குடிச்சிட்டு வா."

அவன் போகவில்லை. தான் போய்விட்டால் யார் பார்த்துச் சொல்வது என்றுதான் தோன்றியது.

திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்தைச் சுற்றிச் சீருடையோடு கூட்டம். ஆரம்பத்திலிருந்தே மூன்று பேர் இம்மானுவேலோடு ஒட்டிக்கொண்டார்கள். தள்ளவில்லை, கையைப் பிடிக்கவில்லை, வெறுமனே நின்றார்கள். இவன் நகர்ந்தால் நகர்ந்தார்கள். மின்சார ரயிலில் கதவோரம் நிற்கிறவனைப் போல ஆகிவிட்டான், மூச்சு விட முடிகிறது, கையைத் தூக்க முடியவில்லை. முழங்காலுக்குள் ஏதோ உரசிக்கொண்டே இருந்தது. இரும்புக் கம்பெனிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவன் போட்டதை இன்னொருவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியும் இம்மானுவேல் எட்டி, குதித்து, விழுந்து, ஆட்டத்தை ஒரே ஒரு கூடை வித்தியாசத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

கடைசியில் பந்து ஜெரால்ட் கையில் இருந்தது. வளையத்துக்கு நேர் கீழே. அவனைச் சுற்றி ஒருத்தரும் இல்லை. தாவக்கூட வேண்டாம், கையை நீட்டி வைத்தால் போதும். போட்டால் சமன், இன்னும் கொஞ்ச நேரம் ஆடக் கிடைக்கும்.

"போடுடா!" என்று இம்மானுவேல் கத்தினான்.

ஜெரால்ட் அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையை இம்மானுவேலுக்கு நன்றாகத் தெரியும். தினம் சரக்குப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பார்க்கிற அதே பார்வை.

"டேய், நீயே போடுடா!"

கத்தும்போதே இம்மானுவேலின் கை தன்னால் மேலே எழுந்துவிட்டது. ஜெரால்ட் அந்தக் கையைக் குறி வைத்துப் பந்தை அனுப்பினான். நடுவில் ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

கம்பெனி பஸ்ஸில் யாரும் இம்மானுவேலைக் குறை சொல்லவில்லை. "மூணு பேரு உன் மேல தொங்கிக்கினு இருந்தானுங்கணா, எந்த ஆம்பளையால ஆவும்?" என்றான் பாக்கியராஜ். "ரெஃப்ரி கண்ணு பொட்ட" என்றான் தானியேல். ஜெரால்டை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இம்மானுவேலும் கேட்கவில்லை. யாராவது வாய் திறந்து தன்னைத் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் தணிகாசலம் சார் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"விடுப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சார், முட்டி..."

"ரெஸ்ட் எடு. ஒரு மாசம் பந்தையே தொடாத. லைட்டு வேலையா போட சொல்றேன். உன்ன விட்டா இங்க யாரு இருக்கா, சொல்லு?"

"தம்பி விஷயம், சார்?"

"அதையும் அடுத்த வருஷம் சேத்துப் பாத்துடலாம்." அன்பாகத்தான் சொன்னார். எழுந்து வந்து தோளில் கையும் வைத்தார். அந்தக் கையை உதற இம்மானுவேலுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பகல் ஷிஃப்ட், லீடர் பதவி, நான்கு பேருடைய வேலை, இப்போது லைட்டு வேலை. எல்லாம் அவர் கொடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஸ்டூல், மறுபடி வாளி. இனி ஒரு வருஷத்துக்கு மடித்து வைக்க வேண்டிய பனியன்கள். விக்டோரியா வந்து துணிக்கொடிக்குக் கீழே நின்றாள்.

"கைக்கெட்டுற தூரம், விக்டோரியா. சின்னப் புள்ள நின்னாகூட போட்டிருக்கும். இவன் எனுக்கு அனுப்பறான்."

"வேற யாருக்கு அனுப்புவான்?"

"நான்தான் போடுடான்னு கத்தறனே!"

அவள் ஒரு பனியனை உதறிக் கொடியில் போட்டாள். "ஐடிஐல அவன் வெல்டிங் கேட்டான். நீ ஃபிட்டர்ல சேத்துவுட்ட. பைக்கு செவப்பு கேட்டான். நீ கறுப்பு வாங்கினாந்த. போன கிறிஸ்மஸுக்கு சட்டை எடுக்க போனா, கடைக்காரன் அவனாண்ட சைஸ் கேக்கறான், நீ பதில் சொல்ற. இருவத்தேழு வருசமா அவன வாயத் தொறக்க வுடாம, ஒரு சாயங்காலம் மட்டும் போடுடான்னா எப்பிடிய்யா போடுவான்?"

"எல்லாம் அவன் நல்லதுக்குத்தான?"

"நல்லதுக்குத்தான். நான் இன்னா கெட்டதுக்குன்னா சொன்னேன்?"

அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். இம்மானுவேல் ஸ்டூலிலிருந்து கொடியைப் பார்த்தான். ஈரப் பனியன்களில் நம்பர்கள் எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தன.

உள்ளே வந்தபோது குப்பம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெரால்ட் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். முகம் கறுத்திருந்தது.

"ஏஞ்சல் அப்பா போன் பண்ணாருணா. அண்ணனாண்ட கேட்டு சொல்றேன்னேன்."

"இன்னா சொல்றாரு?"

"வேப்பம்பட்டுலேந்து ஒரு எடம் வந்துகீதாம். ஒரு வருசம்லாம் நிறுத்தி வைக்க முடியாதாம். இப்பவே கண்ணாலத்துக்கு நாள் குறிக்கறீங்களா, இல்ல அவங்களுக்கு சரின்னு சொல்லிடட்டுமான்னு கேக்கறாரு. பத்து நிமிசத்துல திரும்பப் பண்ணுவாரு." ஜெரால்ட் போனைக் கை மாற்றிக்கொண்டான். "இன்னா சொல்லட்டும்ணா?"

இம்மானுவேலிடம் பதில் தயாராக இருந்தது. 'போன இங்க குடு, நான் பேசறேன்.' வாய்வரைக்கும் வந்துவிட்டது. கைகூடப் பாதி நீண்டுவிட்டது. நீண்ட கையைப் பார்த்ததும் ஜெரால்ட் சட்டென்று போனை அதில் வைக்க வந்தான். இம்மானுவேல் கையை இழுத்துக்கொண்டான்.

"உனுக்கு இன்னாடா தோணுது?"

"நீ சொன்னா சரிணா."

"நான் சொல்றது இருக்கட்டும். அந்தப் பொண்ணு வேணுமா, வேணாமா?"

ஜெரால்ட் அண்ணியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி அண்ணனிடமே வந்து நின்றான்.

"நீயே பேசிடு நைனா" என்றாள் குப்பம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் பேசினா ஒளறி வைப்பான். நீ பேசினா அவங்க இன்னும் ஒரு வருசம் காத்துக்கினு இருப்பாங்க. உன் வார்த்தைக்கு ஒரு மதிப்பு கீது."

விக்டோரியா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெரால்டின் கையில் போன் அடித்தது. அவன் அதை எடுக்கவில்லை, அண்ணனை நோக்கி நீட்டினான். மூன்று பேரும் இம்மானுவேலைப் பார்த்தார்கள்.

"அண்ணா, இன்னாணா சொல்றது?"

இம்மானுவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். வலது காலை முதலில் படிக்கு வெளியே வைத்து, பிறகு மற்றதையும் எடுத்து, பனியன்கள் காயும் பக்கம் போனான். உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.