இரட்டையர் தங்கை கடை

இக்போ-ஓராவில் இரட்டையர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊரில் இரட்டையருக்கு அடுத்துப் பிறப்பதைப்போல வீண் பிறப்பு வேறு கிடையாது. அந்தப் பிள்ளைக்கென்று யாரும் பெயர்கூட யோசிப்பதில்லை. எந்த வீட்டிலும் இரட்டையரில் முதலில் வந்தது டைவோ. இரண்டாவதாக வந்தாலும் மூத்தது என்ற மரியாதையோடு கெஹிண்டே. அதற்குப் பிறகு ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் இடோவு. சந்தைக்குப் போகும் வழியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இடோவு, இதை நினைத்து நினைத்து முப்பத்திரண்டு வருடமாக வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

கடைக்கு முன்னால் நீலப் பெயின்டில் 'இடோவு போன் டாக்டர்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தாள். ஊர்க்காரர்களுக்குக் கண் தெரியாமலில்லை. ஆனாலும் அவர்கள் வாயில் அது 'இரட்டையர் தங்கை கடை'தான். அம்மாவுக்கும் அதே கதை. அவளை எல்லோரும் ஈயா இபேஜி, இரட்டையரின் தாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் இடோவு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கை நிறைய வேர்க்கடலை கொடுத்து, "எங்கம்மாவ ஒரே ஒரு தடவ இடோவு அம்மான்னு கூப்பிடுடி" என்று கெஞ்சியிருக்கிறாள். கடலை முழுவதையும் தின்று முடித்துவிட்டு அந்தப் பெண் வாசலில் நின்று "ஈயா இபேஜி" என்று கத்தினாள். இன்றைக்கும் அவள் போன் கெட்டுப்போய்க் கொண்டுவந்தால் இடோவு வேண்டுமென்றே காத்திருக்க வைப்பாள்.

தொழிலில் இடோவுவைக் குறை சொல்ல முடியாது. அமலா களிக்கு ஊற்றிய குழம்பில் விழுந்த போன், கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் தன் போனையே திட்டும் கிழவர், தேவாலயக் குழுவிலிருந்து வரும் காலை வணக்கப் படங்களால் இடம் நிரம்பி மூச்சுத் திணறும் போன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சரி, அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" தண்ணீர் போனைக் கொல்வதில்லை, தண்ணீரில் விழுந்த பிறகு மனிதர்கள் செய்யும் காரியம்தான் கொல்கிறது என்பது அவள் கட்சி.

போன வருடம் இபாடான் சாலையில் வேன் கவிழ்ந்து கெஹிண்டே செத்துப்போனாள். துக்கத்துக்கு வந்த சனம் முழுவதும் டைவோவைக் கட்டிக்கொண்டு, "உன்னில் பாதி போயிடுச்சே" என்று அழுதது. இடோவு பாத்திரம் கழுவினாள், நாற்காலி அடுக்கினாள். அவளுக்கும் அக்காதானே செத்திருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டில்கூடப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் பொறாமை ஒன்றும் குறையவில்லை.

வருட நினைவு நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் அம்மா தன் போனைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"துணி ஊறவச்ச வாளில விழுந்துடுச்சு இடோவு."

"அதுக்கப்புறம் என்ன பண்ணே?"

"காரிக்குள்ள பொதச்சு வச்சேன். ஈரத்த இழுத்துக்கும்னாங்க."

மரவள்ளி மாவான காரி ஈரத்தை இழுத்துக்கொள்ளத்தான் செய்தது. இழுத்துக்கொண்டு சார்ஜ் துளைக்குள் நன்றாக உப்பி, கெட்டியாகி உட்கார்ந்திருந்தது. இடோவு ஊசியால் நோண்டி எடுத்துக் காட்டினாள்.

"நல்லா ஏபா களி கிண்டி வச்சிருக்கே. குழம்புதான் பாக்கி. வேற என்ன பண்ணே?"

"மெமரி கார்ட எடுத்து உன் டைவோ அக்கா போன்ல போட்டேன். அது என்னமோ கேட்டுச்சு. நான் சரின்னு அமுக்கினேன்."

"என்ன கேட்டுச்சுன்னு படிக்கலியா?"

"படிச்சுட்டு அமுக்க நான் என்ன டீச்சரா? எது கேட்டாலும் சரின்னுதான் அமுக்குவேன். இப்ப ஒண்ணுமே இல்ல. கடைசியா ரெட்டையர் விழாவில எடுத்த படம், ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற படம், அதுவும் இல்ல. நினைவு நாளுக்கு அதத்தான் பெருசாக்கிச் சட்டம் போடணும்னு வச்சிருந்தேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "வேற எது போனாலும் போகட்டும். அத மட்டும் எடுத்துக் குடும்மா."

கெஹிண்டேயின் போன் விபத்தோடு போய்விட்டது. டைவோவின் பழைய போனைச் சந்தையில் யாரோ திருடிவிட்டார்கள். ஆக, அந்தப் படம் இருந்தது இந்தக் கார்டில் மட்டும்தான்.

அம்மா போனதும் இடோவு வேலையில் இறங்கினாள். கார்டை அழித்து ஃபார்மேட் செய்யட்டுமா என்றுதான் போன் கேட்டிருக்கிறது. ஃபார்மேட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத்தான், பக்கங்கள் உள்ளேயே இருக்கும். மேலே புதிதாக ஒன்றும் எழுதக்கூடாது, அவ்வளவுதான். அவள் கார்டைத் தொடாமல் அப்படியே ஒரு நகல் எடுத்து, நகலில் தேட விட்டாள். மதியத்துக்குள் படங்கள் பெயரிழந்து, வெறும் எண்களாகத் திரையில் வந்து விழத் தொடங்கின.

டைவோவும் கெஹிண்டேயும் பச்சைத் துணியில். டைவோவும் கெஹிண்டேயும் மஞ்சள் துணியில். கேக் முன்னால், ஆட்டுக்கு முன்னால், யாரோ மந்திரிக்குப் பக்கத்தில். எண்ணூற்றுப் பதினாறு படங்களில் இடோவு இருந்தது மூன்றில். ஒன்றில் முதுகு, ஒன்றில் பாதி காது, இன்னொன்றில் தட்டு ஏந்திய ஒரு கை. அம்மாவின் போனிலும் தான் சமையல்காரியாகத்தான் இருக்கிறோம் என்று அவளுக்கு எரிந்தது.

ஐந்நூற்று ஏழாவதாக அந்தப் படம் வந்தது.

அன்றைக்கு நடந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளும் பக்கத்தில் போய் நின்றாள். "நீ தள்ளு, இது இரட்டையர் படம். நீ போன வாங்கி எடு" என்றாள் அம்மா. எடுக்கப் போனவளைத் திருப்பி, "கெஹிண்டேயோட தலைத்துணி சாஞ்சிருக்கு, சரி பண்ணிட்டு எடு" என்றாள். தலைத்துணியைச் சரி செய்யும் சாக்கில், கடுப்பில், இடோவு அக்காவின் காதில் முணுமுணுத்தாள்: "பக்கத்துல நிக்கிற பொம்பள யாருக்கா? எங்கயோ பார்த்த முகமா இருக்கு." கெஹிண்டே சிரித்த சிரிப்பு அப்படியே படத்தில் விழுந்திருந்தது. டைவோ பக்கத்தில் அதே முகத்தோடு, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவளைப்போல விறைப்பாக நின்றாள்.

மாலையில் அம்மா வந்தபோது இடோவு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போயிடுச்சும்மா," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளிடம் கணக்கு ஒன்று இருந்தது. படம் இல்லையென்றால் புதிதாக ஒன்று எடுத்துத்தான் ஆக வேண்டும். கெஹிண்டேயின் விழாத் துணி பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவளுக்கும் கெஹிண்டேக்கும் ஒரே உயரம், ஒரே நெற்றி. அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு டைவோவுக்குப் பக்கத்தில் அவள் நின்றால் என்ன? சட்டத்துக்குள், சுவரில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில்.

அம்மா அழுது முடிக்க நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டோக்கார லுக்மானைக் கூப்பிடலாம்" என்றாள். "பெரியவங்க பண்றதத்தான் பண்ணணும். டைவோவையே ரெண்டு தடவ எடுத்து ஒட்டிக் குடுத்துடுவான். ரெட்டையில ஒண்ணு போனா இன்னொண்ணுதானே ரெண்டு பேருக்கும் சேர்த்து நிக்கணும்."

"நான் நிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள் இடோவு. கேட்கும்போதே குரல் சிறுபிள்ளையாகிவிட்டது.

அம்மா அவளைப் புரியாமல் பார்த்தாள். "நீ இடோவு. நீ எப்படி கெஹிண்டே ஆவே?"

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மழை பெய்கிறது என்பதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் லுக்மான் வந்தார். முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டார். டைவோ இடது நாற்காலியில் உட்கார்ந்தாள், எடுத்தார். தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு வலது நாற்காலிக்கு வந்தாள். இடோவு வாசற்படியில் கை கட்டி நின்று பார்த்தாள். செத்தவள் இடத்தையும் இவளே எடுத்துக்கொள்கிறாள், ஒருத்திக்கு இரண்டு இடம் என்று மனம் பொருமியது.

"இந்தப் பக்கம் பாரும்மா. கொஞ்சம் சிரி," என்றார் லுக்மான்.

டைவோ சிரிக்கப் பார்த்தாள். உதடு விரிந்தது, சிரிப்பு வரவில்லை. திடீரென்று நாற்காலி சுட்டதுபோல எழுந்துவிட்டாள்.

"என்னால முடியாதும்மா. இதுல அவ இல்ல. நான் தனியா ரெண்டு தடவ இருக்கேன், அவ்வளவுதான்."

அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கட்டிக்கொள்ள ஊர்ச்சனம் யாரும் அங்கே இல்லை. இடோவு படியிலிருந்து இறங்கி கடைக்கு ஓடினாள். கம்ப்யூட்டரை எடுத்துவந்து முற்றத்து நாற்காலியில் வைத்துத் திறந்தாள்.

கெஹிண்டே திரை முழுக்கச் சிரித்தாள்.

அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "எப்பக் கெடச்சுது?" என்றாள்.

"நீ குடுத்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா. அதுக்கப்புறம் என்ன பண்ணே?"

ஊர் முழுக்க இடோவு கேட்கிற கேள்வி. அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒளிச்சு வச்சேன். அவ இடத்துல நீ என்னை நிக்கச் சொல்லுவேன்னு நெனச்சேன். தினம் கடையைத் தொறந்ததும் எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்று கீழே வந்தது. "உன்னைப் பெத்ததுக்கு…" என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. லுக்மான் தன் கேமராவைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

டைவோ முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகில் வந்தாள். தன்னைப் பார்க்கவில்லை. கெஹிண்டேயைத்தான் பார்த்தாள், வெகுநேரம்.

"அன்னைக்கு அவ காதுல என்ன சொன்னே இடோவு?"

இடோவு திடுக்கிட்டாள்.

"நீ ஏதோ சொன்னே, அவ சிரிச்சா. அது என்னன்னு வீட்டுக்கு வந்தும் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன். 'அது எனக்கும் இடோவுக்கும்'னு சொல்லிட்டா. எங்கிட்ட அவ மறச்சது அது ஒண்ணுதான்." டைவோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது சொல்லு."

சொன்னால் என்ன, அரை நிமிட வேடிக்கை. இடோவு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாகத் தன் கண்ணாடியில் பார்த்த, பங்கு கிடைக்காதவளின் பார்வைதான் அது.

"மறந்து போயிடுச்சுக்கா," என்றாள் இடோவு.

டைவோ நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை. இடோவு கம்ப்யூட்டரை லுக்மான் பக்கம் திருப்பி, படத்தை எவ்வளவு பெரிதாக்கினால் சிரிப்பு கெடாது என்று கேட்டாள்.