தேயிலை மாடியில் காய்ந்த கப்பல் கதை

கப்பலோ படகோ வரும் பழைய படம் என்றால் அதில் கதை நன்றாக இருக்க வேண்டும் என்று நான் இன்றுவரை எதிர்பார்த்ததில்லை. ஒரு பாய்மரம் கண்ணில் பட்டால் போதும், அடுப்பில் பால் வைத்திருப்பதுகூட மறந்துபோகும். "அது அட்டையில செஞ்ச கப்பல்மா, பின்னாடி மேகம் ஆடாம நிக்கிது பாருங்க" என்று என் மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். அட்டை என்பது எனக்கும் தெரியும். அந்த அட்டைக் கப்பல்களும், அட்டை கிழிந்த கடல் நாவல்களும் எனக்குச் செய்த உபகாரத்தை அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் பால் பொங்கிவிடும்.

இலங்கையில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. கடலைப் பார்த்தவர், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு பேரோ மூன்று பேரோதான். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் கார் பேட்டரியில் ஓடும் ஒரு கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. ஞாயிறு மத்தியானம் படம் போட்டால் லயமே அங்கே கூடிவிடும். பேட்டரி இறங்க இறங்கப் படம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். கொள்ளைக்காரர்கள் கப்பலில் தாவி ஏறும் நேரத்தில் கப்பல் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். அப்படியும் ஒருவரும் எழுந்து போனதில்லை. கதாநாயகன் கரை சேர்ந்தானா இல்லையா என்பதை இருட்டிய பெட்டியைப் பார்த்தபடி எங்களுக்குள் பேசி முடிவுசெய்வோம்.

அதனால்தான் பள்ளிக்கூடத்துப் புத்தக அலுமாரியில் ஒரு தடித்த கடல் நாவலைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. புத்தகத்துக்குப் பேட்டரி இறங்காது அல்லவா? முன் அட்டை பாதி போயிருந்தது. மீதிப் பாதியில் ஒரு பாய்மரக் கப்பலின் பின்புறம் மட்டும் தெரிந்தது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அலுமாரிப் புத்தகம் என்பது விதி. நான் ஐந்தாம் வகுப்பு. பத்து நாள் டீச்சரின் பின்னாலேயே அலைந்ததில் அவர் மனம் இரங்கினார்.

"ஒனக்காகத்தான் இந்த ஒரு தடவை குடுக்கிறேன். வெள்ளிக்கிழமை அலுமாரிக்கு வந்துடணும். இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சின்னப் பிள்ளைங்க யாருக்கும் இனிமே புத்தகம் கெடையாது" என்றார்.

என் வகுப்பில் இருபத்தாறு பேர். அத்தனை பேரும் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுபோல் ஒரு கனத்துடன்தான் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை மாலைக்குள் கடைசி அத்தியாயம் தவிர மற்றதெல்லாம் வாசித்தாகிவிட்டது. அந்தக் கடைசி அத்தியாயத்தை வேண்டுமென்றே மிச்சம் வைத்தேன். அதைத் தண்ணீரில் மிதந்துகொண்டே வாசிப்பது என்பது என் திட்டம்.

மிதப்பதற்குக் கப்பல் வீட்டிலேயே இருந்தது. பழைய தேயிலைப் பெட்டிதான் அது. பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. தோட்டத்தில் யாருக்கும் அலுமாரி கிடையாது. தேயிலைப் பெட்டிதான் எல்லாருக்கும் அலுமாரி. எங்கள் பெட்டியில் அம்மாவின் கல்யாணச் சேலையும் திருவிழா உடுப்புகளும் இருந்தன. "இந்தப் பொட்டிக்குள்ள காத்துகூடப் போகாது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். எனவே அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காற்றே போகாத பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? அதுவுமில்லாமல், இதே மாதிரிப் பெட்டிகள்தான் கொழும்பில் கப்பலேறிக் கடல் தாண்டி வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போகின்றன. கடலை நன்றாகப் பழகிய பெட்டி. என் கணக்கில் எங்கேயும் ஓட்டை இருக்கவில்லை.

கொழுந்து மிகுந்த மாதம் என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். அப்பா ஃபேக்டரியில். நானும் என் தங்கச்சியும் உடுப்புகளைப் பாயில் கொட்டிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினோம். மரக்கறித் தோட்டத்துக்காக ஓடையை மறித்த ஒரு சின்னக் குளம் லயத்துக்குக் கீழே இருந்தது. ஆழம் என் இடுப்புக்கு மேல் வராது. தங்கச்சிக்கு ஏழு வயது. அவளை மாலுமியாக நியமித்தேன். தள்ளிவிடுவது அவள் பொறுப்பு. நான் பெட்டிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டேன்.

"அக்கா, நா எப்ப ஏறுறது?"

"மொதல்ல கப்பல் போய்ட்டு வரட்டும்டி. தள்ளு!"

தள்ளினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், கப்பல் மிதந்தது. மூன்று முழம் மிதந்தது. கடைசி அத்தியாயத்தின் முதல் வரியைக்கூட நான் வாசித்தேன். அதற்குள் பெட்டியின் ஒரு மூலை சாய்ந்தது, நான் மற்றப் பக்கம் சாய்ந்தேன், பெட்டி அதைவிட வேகமாக என் பக்கம் சாய்ந்தது. காற்றுப் புகாத பெட்டிக்கு மேல்பக்கம் திறந்திருக்கிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தங்கச்சி கரையிலிருந்து கைதட்டினாள். படங்களில் எல்லாக் கப்பலும் கவிழும் என்பதால் இதுவும் கதையில் உள்ளதுதான் என்று நினைத்திருக்கிறாள்.

சேற்றில் கைவிட்டுத் துழாவிப் புத்தகத்தை எடுத்தபோது அது ஊறிய ரொட்டி மாதிரி கனத்தது. முதுகுப் பசை கரைந்து தாள்கள் கையோடு வந்தன. எனக்கு அழுகைகூட வரவில்லை. இருபத்தாறு பேரின் முகம்தான் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. வீட்டுக்கு ஓடி அடுப்பை மூட்டி, நாலு தாளை நெருப்புப் பக்கம் பிடித்தேன். மேலே சுருண்டு பழுப்பானது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஒரு தாளின் அடிப்பக்கம் கருகி உதிர்ந்தும் போயிற்று. அதன் பிறகுதான் அழுதேன்.

அம்மா வந்ததும் முதுகில் ஒன்று வைத்தார். அது புத்தகத்துக்காக அல்ல, பாயில் கிடந்த கல்யாணச் சேலைக்காக. "கப்பல் ஓட்டுற மூஞ்சியப் பாரு! அந்தப் பொட்டிய ஒங்கப்பன் தலையில சொமந்துக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே அப்பா வேலை முடிந்து உள்ளே வந்தார். அடுப்புப் பக்கம் குந்தி, ஒரு தாளை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கொழுந்தை அப்படித்தான் அழுத்திப் பார்ப்பாராம்.

"அழுவாத. இதுவும் எலதான். சட்டுனு சூடு காட்டுனா மேல காஞ்சிரும், உள்ள பச்சையாவே நின்டுரும். மெதுவாக் காத்துல வாட்டணும். என்னைக்குக் குடுக்கணும்?"

"வெள்ளிக்கெழம."

"அப்ப நாளு கெடக்கு" என்று அத்தனை தாளையும் பழைய படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

கொழுந்து வாட்டும் மாடியில் நீளநீளமான தொட்டிகள் இருக்கும். தொட்டிக்கு அடித்தளம் கம்பி வலை. அதன் மேல் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்று விடுவார்கள். அப்பா இரண்டு நைலான் வலைத் துண்டுகளுக்கு நடுவே என் நாவலைத் தாள் தாளாகப் பரப்பி, தொட்டியின் கடைசி மூலையில் வைத்திருக்கிறார். கொழுந்து கிடக்கும் இடத்தில் ஒரு நூல் விழுந்தாலும் பெரிய ரகளையாகும். அங்கே ஒரு முழுப் புத்தகத்தை வைப்பதென்றால் வேலைக்கே வேட்டு. இதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டீமேக்கர் ஐயா கண்டுபிடித்தும் விட்டார். தேயிலை செய்யும் பொறுப்பு முழுவதும் அவருடையது. அவர் மாடிப்படி ஏறும் சத்தத்துக்கே ஆட்கள் பேச்சை நிறுத்துவார்களாம். அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி அப்பா எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"'என்னா இது'ன்னாரு. 'மக புஸ்தகங்கய்யா, தண்ணியில விழுந்திருச்சு'ன்னேன். கிட்ட வந்து குனிஞ்சாரு. பொறகு வலையத் தூக்கி ஒரு தாள நசுக்கிப் பாத்தாரு. 'இன்னும் வாடல. இங்க காத்து வேகம், கிழிஞ்சிரும். கொழுந்து போடாத அந்தக் கடேசித் தொட்டிக்குக் கொண்டு போ'ன்னுட்டுப் போயிட்டாரு."

அந்த டீமேக்கர் ஐயாவை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது.

வியாழக்கிழமை அப்பா தாள்களை அடுக்கி, சாக்குத் தைக்கும் ஊசியால் முதுகைத் தைத்துக் கொண்டுவந்தார். புத்தகம் முன்னைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தது. திறந்தால் பச்சைக் கொழுந்து வாசம். பிற்காலத்தில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அந்த வாசம் இல்லாதது எனக்கு ஏதோ குறையாகத்தான் பட்டது. விளக்கடியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்தது, ஒன்றைத் தவிர. நான் அடுப்பில் கருக்கிய தாள், அடிப்பக்க எண்ணை இழந்த அந்தத் தாள், சரியான இடத்தில் ஆனால் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது.

"அப்பா, இதப் பாருங்களேன்! கப்பலத் தலகீழாக் கவுத்து வச்சிட்டீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். தங்கச்சியும் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போய் வீட்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியபோதுதான், "ஒவ்வொரு தபாலையும் நான்தான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்று தங்கச்சி பதில் எழுதினாள். அப்பாவுக்கு எண் தெரியும்; மாடியில் கடிகாரமும் வெப்பமானியும் பார்த்துப் பழகியது. தன் பெயரைக் கையெழுத்தாகப் போடவும் தெரியும். மற்ற எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்து அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரே, படங்களைத்தான் பார்த்திருக்கிறார். முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டே அடுக்கியிருக்கிறார். எண் போன தாளை, விட்டுப்போன இடம் பார்த்துச் செருகியிருக்கிறார். எது மேல், எது கீழ் என்று சொல்லத்தான் அதில் அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்த உலகத்தில் எனக்காக அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் எதையும் செய்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார், முகர்ந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பழுப்புத் தாளில் அட்டை போட்டு உள்ளே வைத்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். அலுமாரி எங்கள் வகுப்பு முழுவதற்கும் திறந்தே இருந்தது. நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அன்று பகல் வேலை இல்லாமல் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"டீச்சர் ஏசுனாங்களா?"

"இல்லப்பா. வேற பொத்தகமும் குடுத்தாங்க."

அவர் கோடரியைச் சாய்த்து வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, விறகுக் கட்டையில் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கப்பலு கடேசியில கரைக்கு வந்து சேந்துச்சா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கீழே பிள்ளைகள் விளையாட ஆரம்பித்திருந்தார்கள். "நாலு நாளா ஒங்க கையிலதானே இருந்துச்சு? நீங்களே படிச்சிருக்கலாமேப்பா!" என்றேன். அவர் சிரித்தபடி காத்திருந்தார். புயல் அடித்தது, பாய்மரம் ஒடிந்தது, எல்லாரும் பிழைத்தார்கள் என்று மூன்றே வரியில் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.