லாவண்டர் சென்ட்டும் ஏரியைச் சுற்றி வந்தவரும்

போன வாரம் மதுரையில் ஒரு பெரிய கடையில், சென்ட் விற்கும் பெண் என் மணிக்கட்டில் சர்ரென்று அடித்துவிட்டு, "எப்பிடி இருக்குங்க மேடம்?" என்றாள். லாவண்டரும் எலுமிச்சையும். "கொஞ்சம் பொறும்மா, இப்பவே எப்பிடிச் சொல்றது?" என்றேன். என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் நான் சென்ட் விற்ற காலத்தில் அவள் பிறக்கவே இல்லை.

தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை அது. ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய சென்ட். வில்பட்டியிலிருந்து வரும் ஜெயந்தியும் நானும்தான் அதற்கு ராணிகள். கூட்டமில்லாத மழை நாட்களில் எங்கள் கைகளிலேயே அடித்து முகர்ந்துகொண்டிருப்போம். முதலில் எலுமிச்சை மூக்கில் ஏறும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்த மாதிரி. அந்தக் காலத்து மலை ஆரஞ்சுக்குத் தோல் தொளதொளவென்று இருக்கும். உரித்த கையைக் கழுவ மனசே வராது. அதை விடுங்கள். எலுமிச்சை இறங்கியதும் லாவண்டர் வரும், இஸ்திரி போட்ட துணி போல, லேசான கற்பூரச் சாயலோடு. பிறகு அதுவும் அடங்கி, தோலோடு ஒட்டிய ஒரு கதகதப்பு மட்டும் நிற்கும். ஜெயந்தியின் கையில் அது தேன். என் கையில் துணி சோப்பு.

அதனால் ஜெயந்தி யாரையும் உடனே வாங்க விடமாட்டாள். "ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அப்பவும் பிடிச்சா வாங்கிக்கங்க" என்பாள். பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள். முதலாளி பல்லைக் கடிப்பார்.

அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து, காபி ஆறுவதற்குள் வேண்டாம் என்று எழுந்து போயிருந்தார். அடுத்து ஆயக்குடிக்காரர், கொய்யா வியாபாரம். சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

"மறுபடி தட்டத் தூக்கிட்டு நிக்கணுமா? நா மாட்டேன்னு சொல்லப்போறேன் புள்ள" என்றாள் காலையிலேயே. கண் கலங்கியிருந்தது.

மதியம் ஒருவர் கடைக்கு வந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, குளிருக்குத் தாங்காத மெல்லிய சட்டை. நல்ல சென்ட்டாகக் கேட்டார். ஜெயந்தி அவர் கையில் அடித்தாள். முகர்ந்தவர் பெரிதாகத் தும்மிவிட்டு, "நல்லாருக்குங்க, குடுங்க" என்றார்.

"இப்பச் சொல்லாதீங்க. ஏரியச் சுத்திட்டு வெரசா வாங்க. இன்னைக்கு என்னைய ஒருத்தர் பொண்ணு பாக்க வாறார், நா வெள்ளனே கெளம்பணும்."

அவர் மணிக்கட்டை முகர்ந்தபடியே ஏரிப் பக்கம் நடந்தார். தூறல் பிடித்துக்கொண்டது. வரமாட்டார் என்றே நினைத்தோம். தெப்பலாக நனைந்து வந்து நின்றார், மணிக்கட்டை மட்டும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு.

"இப்ப என்ன வாசம் வருது?" என்றாள் ஜெயந்தி.

"பேரு தெரியலங்க. மொத எலுமிச்ச. படகுத்துறை தாண்டயில வேற என்னமோ. இப்ப, நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "பாக்க வாறவன் நாந்தாங்க. வீட்டுல அத்தன பேருக்கு முன்னால பேச வராதுன்னு, நீங்க வேல பாக்குற கடையிலயே பாத்துரலாம்னு முன்னாடியே பஸ் ஏறிட்டேன்."

"ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முகத்தை நிமிர்த்தி, "சரி, பிடிச்சிருக்கா இல்லையா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்குங்க."

அன்று சாயங்காலம் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். அடக்கிய சிரிப்பில் அவள் கையிலிருந்த பஜ்ஜித் தட்டு ஆடியதை, பெரியவர்கள் கூச்சம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

கடை இப்போது இல்லை. அந்த சென்ட்டும் எங்கும் வருவதில்லை. போன சீசனில் ஜெயந்தியும் நானும் போய்ப் பார்த்தோம். அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். "என்ன மாடல்க்கா?" என்றாள் உள்ளே நின்ற பெண். சும்மா திரும்ப மனமில்லாமல் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம். இரண்டும் எங்கள் போனுக்குப் பொருந்தவில்லை.