என் பெயருக்கு ஒரு பூசை

இதழியலில் பட்டப்பின் படிப்புக்குச் சேர்ந்திருந்த காலத்தில் நான் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். வார இறுதியில் வகுப்பு. எங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பத்திரிகையிலும் வானொலியிலும் வேலை பார்த்தவர்கள். நான் மற்றவர்கள் எழுதியதையே மாற்றி எழுதி அலுத்துப்போய் வந்தவள்.

வானொலிப் பாடத்தை எடுத்த விரிவுரையாளர் ஒருநாள் எல்லோரையும் தங்கள் தங்கள் மரண அறிவித்தலை எழுதி வரச் சொன்னார். எந்த வயதில், எங்கே இறப்பது என்பதை நாங்களே முடிவு செய்யலாம்; பெயரும் பிறந்த ஊரும் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். பிழை விடக் கூடாத செய்தி அதுதான், அதை எழுதினால் எதையும் கவனமாக எழுதப் பழகுவீர்கள் என்றார். வகுப்பில் ஒருவர் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். மற்றவர்கள் சிரித்துச் சிரித்து எழுதினோம்.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலம் அது. பிறகு குடும்பம் நீர்கொழும்புக்குப் போய்விட்டது. பேரப்பிள்ளைகள் சூழ, தள்ளாத வயதில், வெளிநாடொன்றில் இறப்பதாக எழுதினேன். கொழும்பில் இருக்கிற எல்லோரும் என்றோ ஒருநாள் வெளிநாடு போவதாகத்தானே பேசிக்கொள்கிறோம்.

ஒலிப்பதிவு அறை மிகச் சின்னது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கியதும் என் குரல் எனக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் கேட்டது. நான் நிறுத்திய இடத்தில் அது கொஞ்சம் பிந்தி நின்றது. 'காலமானார்' என்று சொன்னபோது முதுகு கூசியது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த வகுப்புத் தோழி, நன்றாக இருக்கிறது என்று கையைக் காட்டினாள். அவள்தான் அன்றைக்குப் பதிவு செய்தாள்.

ஒலியின் அளவு சரியா என்று பார்ப்பதற்காக அவள் முதல் சில வரிகளை மட்டும் வெட்டி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்தத் துண்டில் வயது இல்லை, பெற்றோர் பெயர் இல்லை, பேரப்பிள்ளைகள் இல்லை. கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகக் கொண்டவரும் வெளிநாட்டில் வசித்து வந்தவருமான இன்னார் காலமானார், உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும் என்பதோடு முடிந்துவிட்டது. அது குழுவிலிருந்து எப்படி வெளியே போனது என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த கிழமை ஒரு கூட்டத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததால் காலை முழுவதும் போனை நிறுத்தி வைத்திருந்தேன். மத்தியானம் திறந்தபோது அது என் கையிலேயே அதிர்ந்தபடி இருந்தது. அம்மா. எடுத்து 'அம்மா' என்றேன். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"நீதானா கதைக்கிறது?" என்றார் கடைசியில்.

ஓம் என்றேன். அவருக்கு அது போதவில்லை. அந்தக் குரல்தானே காலையில் தன் போனுக்கு வந்த துண்டில் என் சாவைச் சொன்னது என்பதுபோல் தயங்கினார். சின்ன வயதில் எனக்கு எந்தக் காலில் தையல் போட்டார்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகும், முகத்தைக் காட்டு என்றார். அலுவலகப் படிக்கட்டில் நின்று வீடியோவில் முகத்தைக் காட்டினேன். அவர் அழத் தொடங்கியதும் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வழியை விடாமல் என் கால்களைப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டு, என் சாவைக் கேள்விப்பட்டுப் பள்ளிக்கூட நண்பர்கள் சிலர் வந்ததாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

விரிவுரையாளர் மிகவும் மனம் வருந்தினார். மறுப்பு ஒன்றைப் பதிவுசெய்து அதே வழியில் அனுப்பச் சொன்னார். அதே அறையில் உட்கார்ந்து, நான் உயிரோடு இருக்கிறேன், முன்பு வந்தது வகுப்புப் பயிற்சி என்று வாசித்தேன். அதை மிகக் கொஞ்சப் பேர்தான் அனுப்பினார்கள். கேட்டவர்களும் பயந்தார்கள். செத்தவளின் குரல் தான் சாகவில்லை என்று சொல்வதைத் தன்னால் முழுக்கக் கேட்க முடியவில்லை என்று ஒரு பழைய சிநேகிதி எழுதியிருந்தாள்.

அதன்பின் வெளியில் வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. வெள்ளவத்தையின் பிரதான தெருவான காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் நான் மாத்திரை கேட்டதும் அங்கே நின்ற பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். என் முகம் அவளுக்குத் தெரியாது. குரலை எங்கே கேட்டோம் என்று தேடும் பார்வை அது. பிடிபடுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் கைகாட்டி இறங்கினேன். சில நாட்கள் அலுவலகத்தில் மட்டுமே பேசினேன்.

பிறகுதான் கொட்டாஞ்சேனைச் செய்தி வந்தது. அப்பாவோடு முன்பு வேலை செய்த ஒருவர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம்: அங்கே ஒரு வீட்டில் என் பெயருக்குச் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறார்கள், கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவருக்கான பூசையும் ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா போக வேண்டாம் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒழுங்கையின் குறுக்கே கட்டியிருந்த கொடிகள் மழையில் நனைந்து கயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. மின்கம்பத்தில் ஒரு தாள். அதில் என் பெயர். கீழே இருந்தது எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் படம், உருண்டை முகம். தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்திருந்தது. முன்னறையில் அதே படம் பெரிதாக, மாலையோடு, பக்கத்தில் மெழுகுதிரி. நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு. நான் "அன்ரி" என்றேன்.

அவர் திரும்பவில்லை. கையில் இருந்த கதிரையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

சொன்னேன். அப்போதும் அவர் திரும்பவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் துண்டை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. இனி இந்தக் குரலை எங்கே கேட்டாலும் அவருக்கு அது சாவுச் செய்திதான்.

நடந்ததை நான்தான் சொன்னேன். வகுப்பு, பயிற்சி, வெட்டிய துண்டு, ஒரே பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய மகள் வீட்டு வேலைக்காக வளைகுடாவுக்குப் போனவள். முதலில் ஒழுங்காகத் தொலைபேசி எடுத்தாள், பிறகு நின்றுவிட்டது. அனுப்பிய முகவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை.

"இத்தன வருசத்துக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல" என்றார். "இது ஒண்டுதான் வந்திச்சி. நான் என்ன செய்ய? எடுத்துக்கிட்டன்."

தோழி குலுங்கி அழுதாள். அந்த அம்மா அவளை அழ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவ உசிரோட இருக்கிறா எண்டு சொல்லுங்க மகள். அதே மாதிரி, ரேடியோவில சொல்ற மாதிரி."

அது எங்களுக்குத் தெரியாது அன்ரி என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுத முடியாது. ஒரு சொல்லில் அந்த அறையை மாற்றியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே உண்மையில்லாத ஒன்றை அவருக்குச் சொன்னது அதே வாய்தான். காணவில்லை என்று வாசிக்கிறேன், தேடுகிறார்கள் என்று வாசிக்கிறேன் என்றேன். அவர் சம்மதமாகத் தலையை அசைத்தார்.

அங்கேயே, மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்க, தோழியின் போனில் பதிவுசெய்தோம். பெயரைச் சொல்லும்போது நான் என்னையே தேடுவதுபோல் இருந்தது. தோழியின் இலக்கத்தைக் கொடுத்து, கண்டவர்கள் அறியத் தரவும் என்று முடித்தேன். விரிவுரையாளர் தனக்குத் தெரிந்த வானொலிக்காரர்களிடம் கொடுத்தார். வகுப்பில் எல்லோரும் வளைகுடாவில் உள்ள தங்கள் ஆட்களுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் தவணைப் பரீட்சை நெருங்கிய நாட்களில் தோழி என்னை நூலகத்துக்கு வெளியே கூப்பிட்டாள். வெளிநாட்டு இலக்கம் ஒன்றிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. முதலில் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். பிறகு ஒரு பெண் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"என்ட பேர சொல்லிக் கதைக்கிற நீங்க ஆர்?"

அவ்வளவுதான்.

அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அந்த அம்மா போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். திரும்பவும் கேட்டார். எங்கள் முகத்தில் சந்தோசம் வருவதற்குள், இதையும் நீங்கள்தான் பேசினீர்களா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. என் குரலால் ஒருமுறை மோசம் போனவர், வேறு எதைச் செய்வார்? தோழி அந்த இலக்கத்துக்கு அழைத்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு, என் வாய் அசையவில்லை என்பதை அவர் பார்க்கும்படி நின்றேன். மறுமுனையில் குரல் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையை எடுத்துவிட்டு, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.

மகள் வேலைக்குப் போன முதல் வீட்டில் அவளுடைய போனைப் பறித்துவிட்டார்களாம். அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு மாற்றினார்களாம். தாயின் இலக்கமும் இதற்கிடையில் மாறிவிட்டது. கடவுச்சீட்டை மீட்பதற்கு மாதக்கணக்கில் ஓடித் திரிய வேண்டியிருந்தது. விரிவுரையாளர் எழுதிய கடிதங்கள் அதற்கு உதவின. நான் படிப்பை முடித்த பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள்.

பார்க்கப் போனேன். படத்தில் இருந்த உருண்டை முகம் இல்லை. கன்னம் ஒட்டி, என்னைவிட மூத்தவள்போல் இருந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. நான் பேசும்போது மட்டும் தலையைச் சாய்த்துக் கவனித்தாள். தேநீர் குடித்து முடித்தபின் தாயிடம் திரும்பினாள்.

"என்ட செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வந்தது?"

தாய் திடுக்கிட்டார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். மாளிகாவத்தையிலிருந்து பெரியம்மா குடும்பத்தோடு வந்தார். புறக்கோட்டையில் அவள் முன்பு வேலை செய்த துணிக்கடை முதலாளி வந்து கனநேரம் இருந்தார். பின்வீட்டுக்காரர்கள் தேநீர் போட்டுத் தந்தார்கள். அவள் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினாள். ஒரு பெயரை மட்டும் தானாகக் கேட்டாள். அவன் வரவில்லை என்றார் தாய்.

அவள் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் நிற்கவில்லை.